அமரர் ஹன்டி பேரின்பநாயகம்

சட்டசபையிலோ பாராளுமன்றத்திலோ ஒருநாளேனும் ஆசனத்தில் அமராத ஒருவரை அரசியற் பெரியார் என்று கொண்டாடுவது பொருந்துமா என எமது வாலிப அன்பர்கள் கேட்கலாம். இந்து வாலிபர் மலரிலே கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரின் சரிதத்துக்கு இடமளிப்பானேன் என்று முதியோருட் சிலர் கேட்கவும் கூடும். இரண்டுக்கும் விடை அவருடைய வாழ்க்கையிலேயே கிடக்கின்றது.

பேரின்பநாயகம் அவர்கள் 1899 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29 ஆந் திகதி மானிப்பாயிலே பிறந்தார். அவ்வூர் ஆங்கிலப் பாடசாலையிலும், பின் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலும், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்றுப் பட்டதாரியானார். அக்காலத்தில் நம்மவர் ஆங்கிலம் படித்தது கொழும்புக் கந்தோருக்குப் போகவும் மலாயாவுக்குக் கப்பலேறவுமே. இவரோ தாம் படித்த கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். பட்டதாரி ஒருவருக்கு அது பெரிய உத்தியோகமென்று ஊரார் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1924 ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் தோழர் சிலரும் கூடித் தொடக்கிய மாணவர் காங்கிரசே பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. தாய்மொழியையும் தேசியக் கலைகளையும் பேணுதல், சாதி வேற்றுமையைக் களைதல், சிங்களர் தமிழர் என்ற பிரிவின்றி இலங்கை முழுவதற்கும் சுயராச்சியம் தேடுதல் என்பன அதன் நோக்கங்கள். காங்கிரசார் கதர் உடுத்தனர்; தென்னிலங்கைத் தலைவர்களை அழைத்துப் பேசவைத்தனர். ஆனந்தாக் கல்லூரி அதிபர் குலரத்தினா அவர்கள் வந்து மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1926 இல் இளைஞராயிருந்த பண்டாரநாயக்கா யாழ்ப்பாணம் வந்து, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே ஏற்றதென்று விரிவுரை செய்ததும் இக்காங்கிரசின் ஆதரவிலேயாம். முப்பது ஆண்டு கழித்து, 1956 இல், அதே பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். விதியின் விளையாட்டென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது!

மகாத்மா காந்தியடிகள் 1927 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணம் வந்தபோது அவ்வரவேற்பின் பொறுப்பைத் தாங்கியவர்களும் இவ்வாலிபரே. அவர்களுள் முதல்வர் பேரின்பநாயகம். காந்தியடிகள் தீண்டாமையைப் பற்றி இங்கும் பேசினார். கேட்டவர் கைதட்டினர், உண்மை. ஆனால் கைதட்டியவர் எல்லாரும் வீட்டுக்குப் போய் அதன்படி நடந்தாரா? 1930 ஐ அண்டிப் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்ற சமாசன உத்தரவு வந்தபோது எமது குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. சைவம் வளர்த்த மண் என்று பெருமை பேசும் நாம் இதை மறைத்தல் தகாது. அந்த நாளிலே சமாசனத்துக்காகவும் சமபோசனத்துக்காகவும் பகிரங்கமாக நின்றவர்கள் வாலிபர் காங்கிரசார். உறவினரின் ஏச்சும் ஊராரின் பகையும் அவர்களுக்குக் கிடைத்த சன்மானம்.

இனி, 1931 ஆம் ஆண்டின் பகிஷ்காரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதைச் சொல்லாமல் அவர் சரிதத்தை எழுதுவோர் பலர். நாம் அப்படிச் செய்ய விரும்பவில்லை.

டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையைத் தந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கியது. ஆயினும் தேசாதிபதியின் அதிகாரம் மேலே இருந்தது; பொறுப்பாட்சி முழுமையாகக் கிடைக்கவில்லை. வாக்குரிமையை வாலிபர் வெறுக்கவில்லை. அரைகுறைச் சுயராச்சியத்தையே வெறுத்தனர். 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்தியாய அவர்களின் தலைமையிற் கூடிய மாநாட்டிலே அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிப்பதென்று முடிவாயிற்று. மே மாதம் 4 ஆந் திகதி நியமனப் பத்திரம் கொடுக்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனம் பெறவில்லை. முதிர்ந்த அரசியல்வாதிகள் அனைவரும் ஆசிரியர்களும் மாணவர்களுமாயிருந்த ஒரு கூட்டத்தாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது இக்குடாநாட்டில் அதற்கு முன் நிகழாதது. நாடெங்கும் ஐம்பது தொகுதிகள். அவற்றுள் இந்நான்கு மட்டும் வெறுமையாய்க் கிடந்தன.

தென்னிலங்கையும் இவ்வாறே செய்யும் என்று வாலிபர் நம்பினர். அங்கிருந்து பாராட்டு வந்தது, பகிஷ்காரம் வரவில்லை. சபை கூடியது, குழுக்கள் அமைந்தன, அலுவல்கள் நடந்தன; எமது நான்கு ஆசனங்களுக்கும் 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வடக்கின் குரல் அங்கே மெலிந்திருந்தது. 1936 இல் அமைந்த மந்திரிசபையில் ஒரு தமிழரும் இல்லாதிருந்தது. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, தமிழர் இறங்குமுகத்துக்குக் காரணம் அப்பகிஷ்காரமே என்று இன்றும் பழிசொல்வார் உளர். எமது எண்ணம் வேறு. மூன்றாண்டு இழப்பு இழப்புத்தான். தனியே நின்று பகிஷ்கரித்தது கணக்குப் பிசகுதான். ஆனால் பதவிக்காக இனத்தைப் பிரிக்கும் அரசியலைப் பேரின்பநாயகம் தொடக்கி வைக்கவில்லை. அவர் நம்பிய கூட்டாளிகள் உடன் வரவில்லை என்ற குற்றத்தை அவர் ஒருவர் தலையிலே சுமத்துவது நீதியாகாது.

ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோஷம் எழுந்தபோதும் அவர் அதனோடு சேரவில்லை. சேர்ந்திருந்தால் மாலையும் மேடையும் எளிதிற் கிடைத்திருக்கும். 1947 பொதுத்தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியிலே சுயேச்சையாக நின்றார். தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளர் கனகரத்தினம் அவர்களிடம் தோற்றார். அந்த அலையில் அவர் வெல்வார் என்று அவருடைய நண்பர்களே எண்ணியிருப்பார்களோ தெரியாது.

தோற்றவர் திரும்பிச் சென்றது கல்விக்கு. உண்மையில் அதைவிட்டு அவர் ஒருபோதும் நெடுந்தூரம் போனவரல்லர். வடமாகாண ஆசிரியர் சங்கத்திலும் அகில இலங்கை ஆசிரியர் சங்கத்திலும் முன்னணியில் நின்று உழைத்தார். ஆசிரியனும் ஒரு பிரசை, அவனுக்கும் அரசியல் உரிமை உண்டு என்று வாதாடினார். கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டத்தை எமது பெரிய கல்லூரிகளின் முகாமையாளர் பலர் ஐயத்தோடு பார்த்த வேளையிலே, ஏழைப் பிள்ளைக்கு இதுவே வழி என்று ஆதரித்த ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். தாய்மொழி மூலம் கல்வி வேண்டுமென்றதும் அவ்வாறே. தமிழ்ப் பிள்ளை தமிழிலே படிக்கட்டும், அதனுடன் சிங்களமும் பயிலட்டும் என்பது வாலிபர் காங்கிரசின் பழைய கொள்கை. முதற்பாதி நிறைவேறியது, இரண்டாம் பாதியை நாடு கைவிட்டது.

1949 இல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரிடம் வந்தது. 1960 வரை அதனை வகித்தார். சைவப் பெருமக்கள் 1910 இல் நிறுவிய பாடசாலை அது. மிசன் கல்லூரியிற் படித்து, மிசன் கல்லூரியிற் படிப்பித்து, சாமுவேல் என்ற பெயரையும் சுமந்த ஒருவரைச் சைவப் பாடசாலையொன்று தன் தலைமையில் இருத்தியதை நினைக்கையில், அவரையும் மெச்சுகிறோம், கொக்குவிலாரையும் மெச்சுகிறோம். சமயம் மாறினால் பதவி என்ற காலமும் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அவரை அழைத்தவர் கேட்டது சமயத்தையன்று, ஆளுமையை. முன்பு நாம் குறித்த இரண்டாவது வினாவுக்கு இதுவே விடை.

1977 ஆம் ஆண்டு அவருக்குக் கடைசி ஆண்டாயிற்று. அவ்வாண்டு யூலையில் வடக்கு மக்கள் தனிநாட்டுக் கோரிக்கைக்கு வாக்களித்தனர். ஓகஸ்டில் தென்னிலங்கையிலே தமிழர் தாக்கப்பட்டு, அகதிகளாய்க் கப்பலில் வந்திறங்கினர். ஒரே இலங்கை, ஒரே சுயராச்சியம் என்று இருபத்தைந்து வயதில் எழுந்தவர், எழுபத்தெட்டு வயதில் இவற்றையும் கண்டு, டிசெம்பரிலே கண்மூடினார்.

1980 இல் அவர் பெயரால் ஒரு நினைவு நூல் வெளிவந்தது. வாலிபர் காங்கிரசின் வரலாறும் அதிலே இருக்கின்றது. எமது அங்கத்தவர்கள் தேடிப் படிக்கவேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்தபோது பழம் பத்திரிகைகளும் பிரசுரங்களும் சாம்பலாயின. அதற்குப் பின் நேர்ந்த இடப்பெயர்வுகளில் வீடுகளில் இருந்தவையும் அழிந்தன. அக்காலத்து மாநாட்டு அழைப்பிதழோ துண்டுப்பிரசுரமோ படமோ எந்தப் பழைய பெட்டகத்திலாவது தப்பியிருக்குமாயின், பெரியோர்கள் அதனைச் சங்கக் காரியதரிசியிடம் ஒப்படைக்கும்படி வேண்டுகிறோம். படியெடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.