வல்வில் ஓரியும் கொல்லிமலை விலங்குகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்டவன் ஓரி. வில்லில் வல்லவன்; அதனால் வல்வில் ஓரி எனப் பெயர் பெற்றான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர்!

ஒரு நாள் வேட்டைக்குப் போனான். அவன் விட்ட அம்பு யானையை வீழ்த்தியது. அதோடு நிற்கவில்லை. வாய் பிளந்து நின்ற புலியைத் துளைத்தது. மானை உருட்டியது. காட்டுப்பன்றியைச் சாய்த்தது. கடைசியில், புற்றில் கிடந்த உடும்பின் உடலில் போய்த் தைத்தது.

இதைப் பாடியவர் வன்பரணர். புறநானூற்றில் இருக்கிறது. ஒரே அம்பு ஐந்தையும் துளைக்குமா? புலவர் சற்று மிகையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மலையில் எவை திரிந்தன என்பது அதில் தெரிகிறது.

அந்த வேட்டையைக் கண்ட பாணர் கூட்டம், வேடன் யாரென்று அறியாமலே அவனைப் புகழ்ந்து பாடிற்று. ஓரி நாணினான். மான் இறைச்சியும் மதுவும் கொடுத்தான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான்.

மலை கைமாறியது

வளமான மலைமேல் பிறர் கண் விழுந்தது. மலையமான் திருமுடிக்காரி படையெடுத்து வந்தான். போரில் ஓரி மாண்டான். காரி மலையைச் சேரனிடம் ஒப்படைத்தான்.

ஓரி கொடுத்தது மலைப்பொன். சென்ற நூற்றாண்டில் அதே மலையின் உச்சியில் பாக்சைட் தோண்டினார்கள். அலுமினியம் செய்வதற்கான கனிமம் அது. லாரி லாரியாக மேட்டூர் ஆலைக்குப் போயிற்று. 2008-இல் அந்த ஆலை அலுமினியம் உருக்குவதை நிறுத்தியது. மலைமேல் குழிகள் மிஞ்சின.

குழிகளில் மறுபடி உயிர்கள் குடியேற வழி உண்டு. தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, பிறகு குழியில் பரப்ப வேண்டும். அதில் உறங்கும் விதைகள் முளைக்கும். அந்த மலைக்கே உரிய மரங்களை நட வேண்டும். எல்லாக் குழிகளையும் மூட வேண்டியதில்லை. மழைநீர் நிற்கும் குழிக்குத் தவளையும் தட்டானும் வரும். செங்குத்தான பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கும். கைவிட்ட கல்குவாரிகளில் இதைக் காணலாம்.

ஓரியின் அம்பு பட்ட ஐந்தில் யானையும் புலியும் இன்று கொல்லிமலையில் இல்லை. பன்றி உண்டு, உடும்பும் உண்டு. உடும்பு ஒதுங்கப் புற்று வேண்டும். மண் போன குழியில் கறையான் புற்றுக் கட்டுவதில்லை.