பால் லாங்கர்ஹான்ஸ்

பால் லாங்கர்ஹான்ஸ் (ஜூலை 25, 1847 – ஜூலை 20, 1888) ஜெர்மனியைச் சேர்ந்த நோயியலாளர் ஆவார். கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளை முதன்முதலில் விவரித்தவர் இவரே.

வாழ்க்கை

பெர்லினில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யெனாவிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்றார். ருடால்ஃப் விர்ச்சோ இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். மாணவராக இருந்தபோதே, 1868 இல், தோலிலுள்ள கிளைத்த உயிரணுக்களைக் கண்டறிந்தார். இவர் நரம்பணுக்கள் எனக் கருதிய அவை நோயெதிர்ப்பு உயிரணுக்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1874 இல், காசநோய்க்கு ஆளானார். பின்னர் மதீரா தீவின் ஃபுன்ஷால் நகரில் குடியேறி, மருத்துவம் பார்த்ததுடன் கடற்புழுக்களையும் ஆராய்ந்தார். அங்கேயே சிறுநீரகச் செயலிழப்பால் தமது 40 ஆவது வயதில் காலமானார்.

கணைய ஆய்வு

1869 இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், முயலின் கணையத்தில் நொதி சுரக்கும் உயிரணுக்களுக்கிடையே வேறுவகை உயிரணுக்கள் சிறு கூட்டங்களாக அமைந்திருப்பதை விவரித்தார். அவற்றின் பணியை இவர் அறிந்திருக்கவில்லை. 1893 இல் பிரெஞ்சு அறிவியலாளர் லாகெஸ் அவற்றுக்கு இவரது பெயரைச் சூட்டினார். அவை சுரக்கும் இன்சுலின் 1921 இல் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது.

புற்றுநோய் ஆய்வில் தொடர்ச்சி

இவர் தொடங்கிவைத்த கணைய உயிரணுக்களின் வகைப்பாடு இன்று புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுக்கும் அடிப்படையாகும். கணைய அழற்சியின்போது நொதி சுரக்கும் உயிரணுக்கள் தம் இயல்பை இழந்து, கணைய நாளத்தின் உயிரணுக்களை ஒத்தவையாக மாறுகின்றன. அழற்சி தணிந்ததும் அவை பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். ஆனால் கேராஸ் மரபணுவில் திடீர்மாற்றம் இருப்பின், மாறிய நிலை நீடித்துப் புற்றுநோய்க்கு வழிகோலலாம். உயிரணுவின் இயல்பைக் காக்கும் பிடிஎஃப்1ஏ மரபணுவைத் தொடர்ந்து இயங்கச் செய்தபோது, சுண்டெலிகளில் இந்நோயின் தொடக்கநிலை தடுக்கப்பட்டது.