ஒரு பைசாவுக்கு ஒரு வரலாறு

பாகூர் கொம்யூன்காரர்னா பாகூர் செப்பேடு பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 9ஆம் நூற்றாண்டுல, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துல, அங்க இருந்த கல்விச்சாலைக்கு மூணு ஊரை எழுதிவச்ச ஆவணம். அப்பவே நம்ம பக்கத்துல காலேஜ்! ஆனா அந்த ஊர்கள்ல நாத்து நட்டவங்க பேரை அதுல தேடாதீங்க. இன்னைக்கு டிவி சீரியல்லயும் பெரும்பாலும் அதே கதைதான். வில்லியனூர் மாதிரியே ஊர் காட்டுவாங்க, காலனி மட்டும் இருக்காது. இருந்தா, அடிவாங்கத்தான் வரும்.

யார் கதைய யார் சொல்றதுங்கற இந்தச் சண்டைய நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்டவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845ல சென்னையில காத்தவராயனா பிறந்தவர். படிச்சுக்கொடுத்த ஆசிரியர் பேரையே தன் பேரா வச்சுக்கிட்டார். தொழில் சித்த வைத்தியம். 1892ல சென்னை மகாஜன சபைக் கூட்டத்துல, சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எங்களுக்கு ஏன் இல்லைன்னு எழுந்து கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் கருப்பண்ணசாமியும் இருக்கேன்னு பதில் வந்துச்சு. அதாவது, உங்க சாமி எதுன்னும் நாங்கதான் சொல்லுவோம்.

1898ல இலங்கை போய் பௌத்தம் தழுவினார். அம்பேத்கருக்கு 58 வருஷம் முன்னாடி! 1907 ஜூன் 19ல ராயப்பேட்டையிலேர்ந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலை பேர்லயே இருக்கு. அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆச்சு. அதுலதான் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதினார். ஒடுக்கப்பட்டவங்க பூர்வ பௌத்தர்கள், சாதியை ஏத்துக்காததாலதான் கீழ தள்ளப்பட்டாங்கன்னு அவர் வாதம். அவர் சொன்ன எல்லாத்துக்கும் இன்னைக்கு ஆதாரம் கேட்டா கஷ்டம்தான். ஆனா எதிர்த்தரப்புப் புராணத்துக்கு மட்டும் என்ன ஆதாரம் இருந்துச்சாம்?

1914ல அவர் இறந்தார். அவர் மகன் கொஞ்ச காலம் இதழை நடத்தினார். பிறகு கோலார் தங்கவயல்லேர்ந்து அப்பாதுரையார் நடத்தினார். 'தங்கலான்' பாத்தீங்களே, அதே தங்கவயல். அங்க சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள்ல நிறைய பேர் அவரோட வாசகர்கள். அதுக்கப்புறம் நீண்ட மௌனம். ஞான. அலாய்சியஸ் தொகுத்து அவர் எழுத்துகள் பெரிய தொகுதிகளா வந்தது 1999ல. நம்ம கிளாஸ்ல பாதிப்பேர் அப்ப பொறக்கவே இல்ல. ஸ்கூல் புத்தகத்துல அவருக்கு எத்தனை வரி இருந்துச்சுன்னு நீங்களே ஞாபகப்படுத்திப் பாருங்க.