கோல்ப் மட்டையைப் பிடித்த தச்சர் மகள்

டாலிகஞ்ச் பக்கம் போகிற நம்மவர்களுக்கு அந்த நீண்ட மதில்கள் பழக்கமானவைதான். லேக் மார்க்கெட்டிலிருந்து ஒன்றும் அதிக தூரமில்லை. மதிலுக்கு அப்பால் பச்சைப் பசேலென்று புல்வெளி, பெரிய பெரிய மரங்கள். ஒன்று டாலிகஞ்ச் கிளப். கொஞ்சம் தள்ளி ராயல் கல்கத்தா கோல்ப் கிளப். பின்னது 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஏற்பட்ட முதல் கோல்ப் கிளப் என்ற பெருமை அதற்கு உண்டு. டாலிகஞ்ச் கிளப் 1895-ல் வந்தது. அந்த நிலம் திப்பு சுல்தான் வம்சத்தாருக்குச் சொந்தமாயிருந்தது. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளைக் கம்பெனியார் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தார்கள். வேலூருக்கும் டாலிகஞ்சுக்கும் அப்படி ஒரு பழைய உறவு. அது தனிக் கதை.

இந்த ஊரில் பெண்கள் கோல்ப் ஆடுவது புதிதல்ல. மைதான் வெளியில் பெண்களே நடத்தும் கோல்ப் கிளப் 1891-லேயே தோன்றிவிட்டது. ஆனால் அங்கே ஆடியவர்கள் பெரிய உத்தியோகஸ்தர்களின் மனைவிமார்கள். காற்றாட வந்து ஆடிவிட்டுத் தேநீர் அருந்திப் போனவர்கள். கோல்ப் ஆடி ஒரு பெண் வயிறு வளர்க்க முடியுமா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. எழ வேண்டிய அவசியமும் இல்லை. கல்கத்தாவில் பிறந்த ஸ்மிருதி மெஹ்ரா என்ற பெண் 1994-ல் அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1997-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கோல்ப் சங்கத்தின் போட்டிகளில் ஆடத் தொடங்கினார். அங்கே இடம்பிடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். அந்தச் சங்கத்தை 1950-ல் தொடங்கியவர்கள் 13 பெண்கள். அவர்களில் ஒருவரான பேப் ஜகாரியாஸ் என்ற தச்சர் மகளின் கதைதான் இது.

மில்ட்ரெட் டிட்ரிக்சன் என்பது அவருடைய இயற்பெயர். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தர் என்ற துறைமுக ஊரில் 1911 ஜூன் 26-ம் தேதி பிறந்தார். தகப்பனார் நார்வேயிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தச்சர். ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாவது. தாயார் ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவினார். பெண் பிள்ளையோ தெருவில் பையன்களோடு பந்தாடி, வேலி தாண்டி ஓடி வளர்ந்தது. பேப் என்ற செல்லப் பெயர் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தைப் பார்த்து வந்தது என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டில் தாயார் கூப்பிட்ட பெயர்தான் அது என்பாரும் உண்டு. இந்த அம்மையார் தம் வயதைக்கூடக் குறைத்துச் சொல்லி வந்தவர். ஆகையால் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டல்லாஸ் நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி இவரை டைப் அடிக்கும் வேலைக்கு எடுத்தது. உண்மையில் எடுத்தது கம்பெனியின் கூடைப்பந்துக் குழுவுக்காக. 1932-ல் தேசியத் தடகளப் போட்டிக்கு அந்தக் கம்பெனி அனுப்பிய குழுவில் மொத்தம் ஒரே ஆள்தான்: பேப். எட்டுப் பந்தயங்களில் கலந்துகொண்டு தனியாளாக 30 புள்ளிகள் சேர்த்தார். அடுத்து வந்த இல்லினாய்ஸ் குழுவில் 22 பெண்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்தது 22 புள்ளிகள்!

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பந்தயம். ஒரு பெண் மூன்று பந்தயங்களுக்கு மேல் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி. ஈட்டி எறிதலில் தங்கம், 80 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம். உயரம் தாண்டுதலில் முதல்வராக வந்தவர் தாண்டிய அதே உயரத்தை இவரும் தாண்டினார். ஆனால் தலையை முன்னே விட்டுத் தாண்டிய முறை சரியல்ல என்று நடுவர்கள் வெள்ளியோடு நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை புகழ் வந்ததே, சோறு வந்ததா என்றால் இல்லை. ஒரு கார் விளம்பரத்தில் பெயர் வந்ததென்று அமெச்சூர் சங்கம் அவரை விலக்கி வைத்தது. நாடக மேடையில் மௌத் ஆர்கன் வாசித்தார். ஆண்களின் பேஸ்பால் கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுற்றினார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் நடந்தது. பத்திரிகைக்காரர்களிலோ சிலர், இவள் பெண்தானா என்ற தோரணையில் எழுதினார்கள். இப்படிப்பட்டவள் வீட்டில் அடங்கி இருந்தால் நல்லது என்ற பொருளிலும் எழுதினார்கள். இதையெல்லாம் படித்தும் படிக்காதது போல் இருந்தார் என்று சொல்ல முடியாது. பின்னாளில் தலைமுடியை நீளமாக வளர்த்து, உதட்டுச் சாயம் பூசி, நல்ல கவுன் அணிந்து நடமாடியதற்கு அந்த எழுத்துக்களும் ஒரு காரணம் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

பிறகு கோல்ப். கை கொப்பளித்து ரத்தம் கசிய, அதன்மேல் கட்டுப்போட்டுக்கொண்டு நாளெல்லாம் பந்தடித்துப் பழகினார். 1935-ல் டெக்சாஸ் மாநிலப் பெண்கள் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது பெரிய வீட்டுப் பெண்மணிகள் முகம் சுளித்தார்கள். லாரி ஓட்டுகிறவன் மகளெல்லாம் இங்கே எதற்கு என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் அதே பெண்மணி. பேப் அவரைத் தோற்கடித்தார்.

சந்தோஷம் சில வாரம்கூட நீடிக்கவில்லை. வேறு விளையாட்டுக்களில் பணம் வாங்கியவர், ஆகவே அமெச்சூர் அல்ல என்று அமெரிக்க கோல்ப் சங்கம் தீர்ப்புச் சொன்னது. அமெச்சூர் இல்லையென்றால் தொழில்முறைப் போட்டியில் ஆடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பெண்களுக்குத் தொழில்முறைப் போட்டி என்று ஒன்றிரண்டுக்கு மேல் இல்லவே இல்லை. ஒரு கதவைச் சாத்தினார்கள். இன்னொரு கதவை யாரும் கட்டியிருக்கவேயில்லை.

அதனால் ஆண்களின் போட்டிக்கே போனார். 1938-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓப்பன். அவரோடு சேர்த்து ஆடவிட்டவர்கள் ஒரு பாதிரியாரும் ஜார்ஜ் ஜகாரியாஸ் என்ற மல்யுத்த வீரரும். ஆட்டத்தில் மேல் சுற்றுக்குப் போகவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் மல்யுத்த வீரரைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் வருமானம் இருந்ததால் மூன்று வருஷம் பணத்தைத் தொடாமல் காத்திருந்து 1943-ல் மறுபடி அமெச்சூர் ஆனார். 1946-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம். 1947-ல் ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் இவரே.

அதற்குப் பின் மீண்டும் தொழில்முறை. இந்தத் தடவை கதவைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1944-ல் தோன்றிய ஒரு சங்கம் பணமில்லாமல் நொடித்துப் போயிருந்தது. 1950-ல் 13 பேர் கூடி புதிய சங்கம் அமைத்தார்கள். பாட்டி பெர்க் முதல் தலைவர். விளையாட்டுச் சாமான் கம்பெனி ஒன்று கைகொடுத்தது. ஆட்டக்காரிகளே காரை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மைதானத்தைச் சரிபார்ப்பது, விதிகளை எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர்களே. கூட்டம் சேர்க்க பேஸ்பால் மைதானங்களில் நின்று பந்தடித்துக் காட்டியவர்களும் உண்டு.

ஆனால் கூட்டம் வந்தது பேப்புக்காக. ஆட்டத்துக்கு நடுவே ஜோக் அடிப்பார், ஜாலக்கட்டை போல் ஏதாவது செய்து காட்டுவார். ஆண்களைப் போல் நெடுந்தூரம் அடிப்பார். உடன் ஆடிய பெண்களில் பலருக்கு அவர் தற்பெருமை பிடிக்கவில்லை. இரண்டாமிடத்துக்கு யார் வரப்போகிறீர்கள் என்று உடைமாற்றும் அறையிலேயே சீண்டுவாராம். பிடிக்கா விட்டாலும், அவர் வராத போட்டிக்கு டிக்கெட் விற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். 1950-ல் பரிசுப் பணத்தில் முதலிடம் பெற்ற பேப் ஆண்டு முழுவதும் சேர்த்தது 15 ஆயிரம் டாலருக்கும் சற்றுக் குறைவு. 2024-ல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பனில் முதல் பரிசு மட்டும் 24 லட்சம் டாலர். அதே ஆண்டு ஆண்கள் ஓப்பனில் 43 லட்சம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1953-ல் குடலில் புற்றுநோய். பெரிய அறுவை சிகிச்சை செய்து வயிற்றில் மாற்று வழி வைத்தார்கள். நோய் முழுதும் போகவில்லை என்று டாக்டர்கள் கணவரிடமும் தோழியிடமும் சொன்னார்கள், பேப்பிடம் சொல்லவில்லை. மூன்றரை மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். புற்றுநோய் என்ற பெயரையே வீட்டில் உரக்கச் சொல்லாத காலம் அது. இவரோ பத்திரிகைகளிடம் தம் சிகிச்சையைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். புற்றுநோய் நிதி திரட்டவும் முன்வந்தார். 1954-ல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பட்டத்தை மூன்றாம் முறையாக வென்றார். வித்தியாசம் 12 அடிகள். நல்ல திடகாத்திரமானவர்களுக்கே அரிதான வெற்றி அது.

அடுத்த ஆண்டு நோய் திரும்பியது. கடைசி மாதங்கள் கால்வெஸ்டன் ஆஸ்பத்திரியில் கழிந்தன. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியும்படி அறை மூலையில் கோல்ப் மட்டைகளை வைத்திருக்கச் சொன்னார். 1956 செப்டம்பர் 27-ம் தேதி காலமானார். வயது 45. அன்று ஜனாதிபதி ஐசனோவர் பத்திரிகையாளர் கூட்டத்தைத் தொடங்கியதும் முதலில் பேசியது, அந்தத் தச்சர் மகளைப் பற்றித்தான்.