கண் திரும்பி வந்த பிறகு

ஹாஸ்டல்ல அஞ்சு அலாரம் வெச்சும் எழுந்திரிக்காத ஆளா நீங்க? 1860-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிச்ச ஒரு மாணவர் இதுக்குன்னே ஒரு கட்டில் செஞ்சு வெச்சிருந்தார். நேரம் ஆனதும் அது சாய்ந்து ஆளை எழுப்பி நிறுத்திடும். அவர் பெயர் ஜான் மியூர்.

1838-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1849-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. டிகிரி முடிக்காமலேயே காலேஜை விட்டு வந்து, இண்டியானாபோலிஸில் குதிரை வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். மெஷின்களை மேம்படுத்துறதுல கில்லாடி. அங்கேயே இருந்திருந்தா பெரிய ஆளாகியிருப்பார்.

1867 மார்ச்சில் ஒரு நாள், மெஷின் பெல்ட்டைச் சரிபண்ணும்போது கையிலிருந்த அரம் நழுவி வலது கண்ணில் குத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் மங்கிப்போச்சு. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்துக் கிடந்தார். யோசிச்சுப் பாருங்க, அப்போ அவருக்கு வயசு 28. நம்மைவிட ஏழு வயசுதான் கூட.

பார்வை மெல்லத் திரும்பியது. இனி எதைப் பார்க்கணும்னு அவர் முடிவு பண்ணிட்டார். அதே வருஷம் கென்டக்கியிலிருந்து ஃப்ளோரிடா கடற்கரை வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தார். 1868-ல் கலிஃபோர்னியா போய், யோசெமிட்டி மலைகளில் ஆடு மேய்த்தார், மர அறுவை மில்லில் வேலை பார்த்தார்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கு எப்படி உருவானது? தரை அப்படியே கீழே இறங்கிடுச்சுன்னு சொன்னார் மாநிலப் புவியியல் தலைவர் ஜோசயா விட்னி. பாறைகளில் உள்ள கீறல்களைப் பார்த்து, பனியாறுகள்தான் செதுக்கினன்னு சொன்னார் மியூர். படிப்பில்லாத ஆட்டுக்காரன் பேச்சு என்று விட்னி ஒதுக்கினார். மியூர் 1871-ல் அந்த மலையிலேயே உயிரோடிருந்த ஒரு பனியாற்றைக் கண்டுபிடிச்சார். அவர் சொன்னதுதான் பெருமளவு சரின்னு பின்னால் தெரிஞ்சது.

1875-ல் ஷாஸ்டா எரிமலை உச்சியில் பனிப்புயல். மியூரும் கூட வந்தவரும் எரிமலையின் வெந்நீர்ச் சேற்றிலேயே ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தாங்க. கீழே சுட்டது, மேலே உறைந்தது. ஆனாலும் உயிர் பிழைச்சாங்க.

அவர் எழுத்தும் முயற்சியும் சேர்ந்து 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்காவானது. 1903-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு மூணு ராத்திரி அங்கே முகாம் போட்டார்.

எல்லாத்திலும் ஜெயிச்சார்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில், சான் ஃபிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அணை கட்ட 1913-ல் அனுமதி கிடைச்சது. பல வருஷம் போராடியும் மியூரால் தடுக்க முடியல. அடுத்த வருஷம் டிசம்பர் 24-ல் இறந்துட்டார். ஒரு ஊருக்குத் தண்ணீரா, ஒரு பள்ளத்தாக்கா? சிவில் படிக்கிறவங்க, இந்தக் கேள்வி உங்க மேஜைக்கும் ஒருநாள் வரும்.

இன்னிக்கு அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கு. யோசெமிட்டியில் தொடங்கி காடு, ஏரி, கணவாய் எல்லாம் தாண்டி சுமார் 340 கிலோமீட்டர் போகுது. அது முடியும் இடம் 4,421 மீட்டர் உயரச் சிகரம். பெயர் என்ன தெரியுமா? மவுண்ட் விட்னி. ஆமா, அதே விட்னிதான்.