குறி பிழைத்த தோட்டாவும் ஜிம் கார்பெட்டும்

தி. ஜ. ர. தமிழாக்கிய ‘குமாயுன் புலிகள்’ நூலை நம் வட்டத்து அன்பர்களில் படியாதவர் குறைவு. அந்நூலின் வேட்டைக் கதைகளில் திளைத்த நாம், அதன் ஆசிரியர் வாழ்நாள் முழுதும் ஒரு துப்பாக்கியின் துல்லியத்துக்குக் காட்டிய அக்கறையை அவ்வளவாகக் கவனித்ததில்லை.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25 அன்று நைனிடாலில் ஓர் அஞ்சல் அதிகாரியின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கி இரட்டைக் குழலுடையது. அதில் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. மீதமிருந்த ஒற்றைக் குழலைக் கொண்டே காட்டைக் கற்றார். பத்து வயதில் மாணவர் படையில் சேர்ந்து சுடும் போட்டிக்கு நின்றபோது, பதற்றத்தில் 200 கஜத்துக்கு வைத்திருந்த குறிமுள்ளை 300 கஜத்துக்கு நகர்த்திவிட்டார். அருகிருந்து அதைச் சரிசெய்து, அவசரம் வேண்டாம் என்று தேற்றியவர் பின்னாளில் பெரும் படைத்தலைவராகப் புகழ்பெற்ற ராபர்ட்ஸ்.

பிறகு மொகாமா படித்துறையில் இரயில் சரக்கு மாற்றும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். விடுமுறையில்தான் வேட்டை.

1907இல் சம்பாவத் பெண்புலியை வீழ்த்தினார். நேபாளத்தில் 200 பேர், குமாவூனில் 236 பேர் என 436 உயிர்களைக் குடித்த விலங்கு அது. அதன் வாயைப் பார்த்தபோது வலப்புறத்துக் கோரைப் பற்களில் மேலது பாதியாகவும், கீழது எலும்புவரையும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட தோட்டா செய்த வேலை. இயல்பான இரையைப் பற்ற முடியாமற் போனதாலேயே அது மனிதரை நாடியது என்று கார்பெட் கண்டார். விரலளவு விலகிய ஒரு குறிக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

அவ்வெற்றிக்காக மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசளித்தது இலண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 துப்பாக்கி. அதன் உயிர்நிலை ஜெர்மானியரான மவுசர் வகுத்த தாழ் அமைப்பு. கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னே தள்ளித் திருப்பினால், தாழின் முன்முனையிலுள்ள இரு காதுகள் குழலின் வாயை ஒட்டியே பூட்டிக்கொள்ளும். தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் அமரும். துல்லியத்தின் பாதி இங்கே இருக்கிறது. மீதி பாதியை உடையவன்தான் தேட வேண்டும். மழையில் ஊறிய மரக்கட்டை பருத்துக் குழலை நெருக்கினால் குறி பக்கவாட்டில் நகரும். ஆகவே குழலும் மரமும் உராயாமல் செதுக்கி, ஒரே வகைத் தோட்டாவைப் பயன்படுத்தி, குறிமுள்ளைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அம்பத்தூரில் கடைசல் பொறிமுன் நிற்கும் நம் கவிஞர்களுக்கு மயிரிழையின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

1926 மே மாதம் ருத்ரபிரயாகையில், 125 பேரைக் கொன்ற சிறுத்தைக்காக ஒரு மாமரத்தில் இரவிரவாகக் காத்திருந்தார். கைவிளக்கு கண்விழித்த கணத்தில் ஒரே தோட்டா. விளக்கு அணைந்தது, சிறுத்தை முடிந்தது. 1930இல் சௌகட் பெண்புலி சில அடித் தொலைவில் எதிர்ப்பட்டபோது, இடக்கையில் பக்கிக் குருவியின் முட்டைகள் இருந்தன. துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்த வழியில்லை. வலக்கையால் மட்டும் அணு அணுவாகத் திருப்பிச் சுட்டார். முட்டைகள் உடையவில்லை! நான் மிகவும் விரும்பும் கார்பெட் இங்கேதான் இருக்கிறார்.

பின்னாளில் நிழற்படக் கருவியின்பால் அவர் மனம் சாய்ந்தது. 1936இல் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றார். அது 1957 முதல் அவர் பெயரையே தாங்குகிறது. 1947இல் தமக்கை மேகியுடன் கென்யா சென்றார். 1955 ஏப்ரல் 19 அன்று நியேரியில் மறைந்தார்.

அந்த .275 துப்பாக்கியை 2015இல் ரிக்பி நிறுவனமே மீண்டும் பெற்றது. மறு ஆண்டு அது குமாவூனுக்கு வந்து, கார்பெட் நடந்த கிராமங்களைப் பார்த்துத் திரும்பியது.