எமன் வேஷத்தைக் கலைத்த மனிதர்: மேடையை விட்டு ஒதுங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டுதான் ஞாபகத்துக்கு வரும். கோடைக்காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் வேறொரு உத்திரமேரூரைப் பார்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், அப்புறம் தீமிதி.

கூத்துக் களத்துக்குப் பின்னால் ஒரு மறைப்பு இருக்கும். ஓலைத் தட்டியோ, தார்ப்பாயோ, பக்கத்து வீட்டுத் திண்ணையோ, எது கிடைக்கிறதோ அது. உள்ளே கலைஞர்கள் கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு முகத்தில் அரிதாரம் பூசுவார்கள். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கட்டிக்கொள்வார்கள். ஊர் வாண்டுகள் எல்லாம் அந்தத் தட்டியின் ஓட்டையில்தான் கண்ணை வைத்திருக்கும். துரியோதனன் டீ குடிப்பதைப் பார்ப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம். பெரியவர் யாராவது வந்து விரட்டுவார். ஓடுவார்கள், திரும்பவும் வருவார்கள்.

அதே பசங்க, இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து அதே துரியோதனன் பாடிக்கொண்டு வெளிப்படும்போது பயந்து அம்மா மடியில் ஒண்டிக்கொள்வார்கள். டீ குடித்ததைப் பார்த்தது எங்கே போனது?

வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்த்துவிட்டால் மாயம் கலைந்துவிடுமா என்ற இந்தக் கேள்வி, கோடிகள் புரளும் தீம் பார்க் தொழிலிலும் உண்டு. டிஸ்னி பூங்காக்களில் மிக்கி மவுஸ் வேஷம் போட்டவர் விருந்தினர் முன்னால் தலையைக் கழற்றவே கூடாது. கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் கௌபாய் உடையில் இருந்த ஒருவர் எதிர்கால உலகப் பகுதி வழியாக நடந்து போனதைப் பார்த்து வால்ட் டிஸ்னி சங்கடப்பட்டார் என்று சொல்வார்கள். அதனால்தான் 1971-ல் புளோரிடாவில் திறந்த பூங்காவில், வேஷக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வரத் தனிப் பாதைகளே அமைத்தார்கள். பார்வையாளர்கள் நடப்பது அந்தப் பாதைகளுக்கு மேலே.

அவர்களுக்குக் கவலை, மாயம் கலைந்துவிடுமே என்பது. அதற்கு ரொம்ப காலம் முன்பே, இதற்கு நேர் எதிரான கவலையில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழ் நடிகர் இருந்தார். அவருடைய மாயம் கலையவே மாட்டேன் என்றது. அதில் உயிரே போனது என்று நாடக உலகம் சொல்கிறது.

யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்?

தமிழ் நாடக உலகின் இமயமலை என்றும், நாடகத் தலைமை ஆசிரியர் என்றும் போற்றப்படுபவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867 செப்டம்பர் 7-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். அப்பா தாமோதரக் கணக்குப்பிள்ளை, தமிழ் படித்தவர். பையனுக்கு முதல் ஆசிரியர் அவர்தான். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் படித்தார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடன் படித்தவர்.

கவிதை சோறு போடுமா? கொஞ்ச காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயது வாக்கில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு நாடகக்காரர் என்றால் சமூகத்தில் மரியாதை கிடையாது. கூத்தாடி என்ற சொல்லே வசவாக இருந்த காலம். இலக்கணம் படித்த ஒரு பிள்ளை கணக்குப்பிள்ளை வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அரிதாரம் பூசப் போனது சின்ன விஷயமில்லை.

எமன், சனீஸ்வரன், இரணியன், ராவணன்

ராமுடு ஐயர், கல்யாணராமய்யர் நாடக சபையில் சேர்ந்தவருக்குக் கிடைத்தது எல்லாம் பயங்கரமான வேஷங்கள். ஆஜானுபாகுவான உடம்பு, கணீரென்ற குரல். எமன், சனீஸ்வரன், இரணியன், ராவணன் என்று பார்த்தாலே அடிவயிறு கலங்கும் பாத்திரங்களுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இன்றைய பார்வையாளருக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. போனில் தினம் பத்துப் பேயைப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் இருட்டு. விளக்கு வெளிச்சம் மேடையில் மட்டும்தான். நடுராத்திரி தாண்டிய நேரம். கன்னங்கரேலென்று மை பூசி, கையில் பாசக்கயிறோடு, எமன் சத்தமாகப் பாடிக்கொண்டு வருகிறார். எமனையும் சனியையும் கதை என்று நினைக்காமல், வீட்டுக்கு வரக்கூடியவர்கள் என்று நம்பிய மக்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னதான் நடந்தது?

இரண்டு சம்பவங்கள் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன.

ஒன்று, சத்தியவான் சாவித்திரி நாடகத்தில். சுவாமிகள் எமனாக மேடையில் தோன்றி முழங்கியதைப் பார்த்த அதிர்ச்சியில், கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருக் கலைந்துவிட்டது.

இன்னொன்று, நளதமயந்தி நாடகம். சுவாமிகளுக்கு சனீஸ்வரன் வேஷம். நாடகம் முடிந்து, பொழுது முழுசாக விடியாத நேரத்தில் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் கறுப்பு, அதே உடை. எதிரில் வந்த ஒரு பெண் அவரைப் பார்த்தாள். பயத்தில் அங்கேயே விழுந்து உயிரை விட்டாள்.

இரண்டும் ஒரே மாதிரியான கதை போலத் தோன்றும். ஆனால் இல்லை. நீர்நிலைக்கு வந்த பெண்ணுக்கு அது நாடக வேஷம் என்று தெரியாது. மேடை இல்லை, திரை இல்லை, பாட்டு இல்லை. வரக்கூடாத இடத்தில் சனீஸ்வரன் வந்து நின்றார். டிஸ்னிக்காரர்கள் பாதை அமைத்தது இந்த மாதிரி ஒரு சந்திப்பைத் தவிர்க்கத்தான், ஆனால் அங்கே போகக்கூடியது குழந்தையின் சந்தோஷம். இங்கே போனது உயிர்.

கொட்டகையில் இருந்த கர்ப்பிணி விஷயம் வேறு. நாடகம் பார்க்கத்தான் அவர் வந்தார். எமன் என்பது வேஷம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு நடுங்கிவிட்டது. அப்படியானால் வேஷத்தை ஒளித்து வைப்பதாலோ வெளிப்படையாகக் காட்டுவதாலோ மட்டும் இதைச் சரி செய்ய முடியாது.

நடிகனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று வேறு ஒருவர் நினைத்திருக்கலாம். அந்தக் கதையையே சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்த்திருக்கலாம். சுவாமிகள் அப்படிச் செய்யவில்லை. இனி வேஷம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார். திறமை இல்லாததால் மேடையை விட்டவர்கள் உண்டு, குரல் போனதால் விட்டவர்கள் உண்டு. தன் நடிப்பு ரொம்பவே பலித்துவிட்டது என்பதற்காக விட்டவர்கள் அபூர்வம்.

திரைக்குப் பின்னால் போனவர்

அதற்குப் பிறகு அவர் பேனாவை எடுத்தார். சாமி நாயுடு நாடகக் குழுவில் ஆசிரியராகவும் சூத்திரதாரராகவும் இருந்தார். சூத்திரதாரர் வேலையே தனி. அவர் மேடையில் இருப்பார், ஆனால் கதைக்குள் இருக்க மாட்டார். இன்றைக்கு நடக்கப் போவது நாடகம், இன்னார் இன்ன வேஷத்தில் வரப்போகிறார்கள் என்று சபைக்குச் சொல்பவர் அவர்.

நடுவில் ஒரு காலம் துறவு மனநிலையில் தலயாத்திரை போய்விட்டார். சங்கரதாஸ், சுவாமிகள் ஆனது அப்படித்தான். புதுக்கோட்டைக்கு வந்தபோது லய மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைப் பிள்ளை போல வைத்துக்கொண்டு, மறுபடியும் நாடகத்தின் பக்கம் திருப்பினார். வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவர ஐயர் என்று பல சபைகளுக்கு நாடகம் எழுதிப் பயிற்சி கொடுத்தார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், பிரகலாதன், லவகுசா, சதி அனுசூயா... எழுதியது மொத்தம் 68 என்பது நாடகக்காரர்கள் சொல்லும் கணக்கு. கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். வள்ளி திருமணம் இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூத்துக்கும் சுவாமிகளின் நாடகத்துக்கும் நேரடி உறவு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூத்து தெருவிலும் வெளியிலும் நடப்பது, கட்டை கட்டி ஆடுவது. சுவாமிகளுடையது ஆர்மோனியம், சீன் திரை எல்லாம் வைத்துக் கொட்டகையில் நடந்த இசை நாடகம். ஆனால் இரண்டுக்கும் கதைகள் பல பொது. அர்ச்சுனனும் அபிமன்யுவும் இங்கேயும் வருவார்கள், அங்கேயும் வருவார்கள்.

சின்னப் பசங்களை ஏன் தேடினார்?

வேஷம் தானாகக் கலையும் இன்னொரு இடமும் சுவாமிகளுக்குத் தெரிந்திருந்தது. அது மேடை. ஸ்பெஷல் நாடகங்களில் ஆளுக்கொரு ஊரிலிருந்து பேர்போன நடிகர்கள் வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் அது இரண்டு நடிகர்களின் சொந்தச் சண்டையாகிவிடும். சபை கைதட்டும். கதை எங்கேயோ போய்விடும். எட்டிப் பார்க்கத் தட்டியில் ஓட்டையே தேவையில்லை, நடிகரே வேஷத்துக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டுவார்.

பெரிய நடிகர்களைத் திருத்த முடியாது என்று கண்டவர், சிறுவர்களை வைத்து ஆரம்பித்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டையே குரலால் கட்டிப்போட்ட எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே பயிற்சி பெற்றவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. இதில் சேர்ந்தவர்களில் ஒருவன், அப்போது ஆறு வயதுப் பையன் தி.க.சண்முகம். அண்ணன்மாரும் கூடவே சேர்ந்தார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழகம் பின்னாளில் அறிந்தது இவர்களைத்தான்.

பாய்ஸ் கம்பெனி என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் வீடு, அதுதான் பள்ளிக்கூடம். பாடம், பாட்டு, ராத்திரி நாடகம். ராஜாவும் பையன், ராணியும் பையன். வசனத்தை ஒரு எழுத்து மாற்றக்கூடாது. இன்றைய கண்ணால் பார்த்தால் அந்த வயதுக்கு அது கொடுமையான உழைப்பு. வீட்டை விட்டு வந்து, தூக்கம் கெட்டு, ஊர் ஊராகப் போன பிள்ளைகள் அவர்கள். சுவாமிகளின் பெருமையைச் சொல்லும்போது இதை மறைக்க வேண்டியதில்லை.

அதே சமயம், அந்தப் பிள்ளைகளுக்காக அவர் உழைத்ததும் உண்மை. சண்முகம் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார். ஒரு காலத்தில் எமனாக நின்று கூட்டத்தை நடுங்க வைத்தவர், இப்போது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்னப் பையனை அபிமன்யுவாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவ்வை சண்முகி வரை

அந்தப் பையன் வளர்ந்து, கிழவி வேஷம் போட்டு அவ்வையாராக நடித்தார். அந்த வேஷம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு அவ்வை சண்முகம் ஆனார். மீசை மழித்த ஆம்பிளைதான் என்று எல்லோருக்கும் தெரியும். பேப்பரில் பேர் போட்டுத்தான் நாடகம் நடந்தது. ஆனாலும் மேடையில் ஜனங்கள் பார்த்தது அவ்வைப் பாட்டியை.

சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவயதில் பயிற்சி எடுத்தவர் கமல்ஹாசன். 1996-ல் வந்த அவ்வை சண்முகி படத்தின் பெயர் அந்த ஆசானின் நினைவாக வைத்தது. மாமி வேஷத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஆள் எப்போது மாட்டுவான் என்பதுதான் படமே. சண்முகி யார் என்று முதலிலிருந்தே தெரிந்த தியேட்டர் கூட்டம், தெரிந்துகொண்டேதான் ரசித்தது.

கடைசி நாட்கள்

சுவாமிகளின் கடைசிக் காலம் கஷ்டமானது. பக்கவாதம் வந்தது, பேச்சு போய்விட்டது. கொட்டகை அதிர முழங்கிய அந்தக் குரலிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கல்யாணம், குடும்பம் என்று எதுவும் இல்லாத மனிதர். கம்பெனிதான் அவருக்குக் குடும்பம். பால சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13-ல், 55 வயதில் காலமானார். தகப்பனை இழந்தது போலப் பிள்ளைகள் அழுதார்கள்.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. வருஷா வருஷம் நவம்பரில் நாடகக் கலைஞர்கள் அங்கே போய் குருபூஜை செய்கிறார்கள். ராஜா வேஷம் போடுபவர், பபூன் வேஷம் போடுபவர், ஆர்மோனியக்காரர் என்று எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு அவர்கள் யார் முகத்திலும் அரிதாரம் இருக்காது.